அறியாதவருக்குத் திறந்த கதவு: தொடக்கக் கிறித்தவச் சமூகங்களில் விருந்தோம்பலும் அதன் வரையறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

உரோமைப் பேரரசில் கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறித்தவர்கள், பயணம் மேற்கொண்ட சக விசுவாசிகளுக்கு உணவும் உறையுளும் அளித்தனர். கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர் ஆகியோரைப் பொதுநிதியால் தாங்கினர். இவ்வழக்கம் நீடித்ததற்கு அன்புணர்வு மட்டுமே காரணமன்று. கடிதம், நாள் வரம்பு, உழைப்பு என்னும் மூன்று வரையறைகளும் காரணமாயின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வீட்டு விருந்தோம்பல் நிறுவனமாக மாறியபோது எழுந்த சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விருந்தோம்பல், திதாக்கே, பரிந்துரைக் கடிதம், பொதுநிதி, அயலார் இல்லம்.

முன்னுரை

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்னும் பொருளும் உண்டு. புதிதாய் வந்தவரே விருந்தினர். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் விருந்தோம்பலைக் குறிக்கும் ‘பிலோக்செனியா’ என்னும் சொல்லும் அயலார் மீது கொள்ளும் அன்பு என்றே பொருள்படும். இரு மொழிகளிலும் விருந்தினர் உறவினரல்லர், அறிமுகமற்றவர். அறிமுகமற்றவரை எவ்வாறு நம்புவது என்னும் வினா இங்கேயே தோன்றுகிறது. கிறித்தவத்தின் பரவலுக்கு அதன் ஈகைப்பண்பு துணைசெய்தது என்பது பலரும் எடுத்துரைத்த கருத்து. அவ்வீகை எம்முறையில் இயங்கியது என்பதே இக்கட்டுரையின் வினா.

கடிதம் என்னும் அடையாளம்

அக்காலத்துச் சத்திரங்களும் மதுக்கடைகளும் நற்பெயர் பெற்றவையல்ல. ஆதலின் வசதியுடையோர் நண்பர் இல்லங்களிலேயே தங்கினர். உரோமையரின் விருந்துறவு குடும்பங்களுக்கிடையே வழிவழியாகத் தொடர்ந்தது. அதற்குச் சான்றாக அடையாளவில்லைகளும் வழங்கின. இத்தகைய உறவு ஏதுமில்லாத கைவினைஞரும் அடிமைகளும் கிறித்தவச் சபைகளில் இருந்தனர். அவர்களுக்கு அவ்வில்லையின் இடத்தைக் கடிதம் நிரப்பியது. கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெயிபாவை உரோமையர் ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் தம் திருமுகத்தின் இறுதியில் பரிந்துரைக்கிறார். அவர் தமக்கும் பலருக்கும் ஆதரவாளராக விளங்கியவர் என்றும் குறிப்பிடுகிறார். உதவியவரே உதவி பெறுபவராகவும் ஆகும் இந்நிலை, சபைகளுக்கிடையே இருந்த கைம்மாற்று உறவைக் காட்டுகிறது.

கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. யோவானின் மூன்றாம் திருமுகம் வழிப்பயணிகளை ஏற்ற காயுவைப் பாராட்டுகிறது. அவர்களை ஏற்க மறுத்ததோடு, ஏற்க விரும்பியோரையும் தடுத்த தியோத்திரபுவைக் கண்டிக்கிறது. விருந்தோம்பலை மறுப்பது சபையின் அதிகாரப் போட்டியில் ஒரு கருவியாகவும் பயன்பட்டது என்பதற்கு இது சான்று. நான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தியோக்கியாவில் கூடிய சங்கம், அமைதிக் கடிதம் இல்லாத அயலாரை ஏற்கலாகாது என விதித்தது. தனிமனிதரின் பரிந்துரை இவ்வாறு திருச்சபைச் சட்டமாயிற்று.

நாள் வரம்பும் உழைப்பும்

முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘திதாக்கே’ என்னும் நூல் இப்பொருளில் தலையாய சான்றாகும். 1056இல் எழுதப்பட்ட இதன் கிரேக்கப் படியை 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோத்தேயோஸ் பிரியேனியோஸ் கண்டறிந்து 1883இல் பதிப்பித்தார்.

இந்நூலின்படி, வருகின்ற தூதர் ஒரு நாள் தங்கலாம். தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்குபவர் போலி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் போதுமான அப்பத்தைப் பெறலாம். பணம் கேட்பவரும் போலியே. சாதாரண வழிப்போக்கர் இரண்டு அல்லது மூன்று நாள் தங்கலாம். நிலையாகத் தங்க விரும்புபவர் தொழில் தெரிந்தவராயின் உழைத்து உண்ண வேண்டும். தொழில் தெரியாதவருக்கு அவர் சோம்பியிராதவாறு சபையே வழிவகுக்க வேண்டும். இதற்கு இணங்காதவர் கிறித்துவின் பெயரால் வணிகம் செய்பவராகக் கருதப்படுவார்.

இவ்விதிகள் முதலில் ஏற்கவும், பின்னர் ஆராயவும் பணிக்கின்றன. பசித்து வந்தவருக்கு முதல் நாள் உணவு தடையின்றிக் கிடைக்கும். வறிய இல்லங்களின் தாங்குதிறன் அளவோடு இருந்தமையால், அடுத்து வருபவருக்கும் இடமிருக்க இவ்வரம்பு வேண்டியதாயிற்று.

இவ்வச்சம் வெற்றுக் கற்பனையன்று என்பதற்குப் புறச்சான்றும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளரான லூசியன், பெரெக்ரினுஸ் என்பவர் பாலஸ்தீனத்தில் சிறைப்பட்டபோது கைம்பெண்களும் அனாதைகளும் விடியற்காலையிலேயே சிறைவாயிலில் காத்திருந்ததையும், ஆசிய நகரங்களிலிருந்து பொதுச்செலவில் ஆட்கள் உதவிக்கு வந்ததையும் எள்ளலோடு விவரிக்கிறார். எத்தனும் இவர்களிடையே விரைவில் செல்வம் சேர்க்கலாம் என்பது அவர் கருத்து. அவருடைய எள்ளல் திதாக்கேயின் எச்சரிக்கையோடு பொருந்துகிறது.

பொதுநிதி

வீட்டு விருந்தோம்பலோடு பொதுநிதியும் வளர்ந்தது. கி.பி. 155 அளவில் உரோமையில் எழுதிய யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டில் திரட்டிய காணிக்கை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், அயலார் ஆகியோருக்குச் செலவிடப்பட்டதைக் கூறுகிறார். கி.பி. 197இல் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன், மாதந்தோறும் விரும்பியவர் இயன்றதை அளிப்பதையும் அதில் கட்டாயமின்மையையும் வலியுறுத்துகிறார். வறியோரின் அடக்கச் செலவும், கப்பல் உடைந்து தவிப்போருக்கும் சுரங்கத் தண்டனை பெற்றோருக்குமான உதவியும் அவர் பட்டியலில் உள்ளன. கி.பி. 251 அளவில் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம், உரோமைச் சபை 1,500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் துன்புற்றோரையும் தாங்கியதைத் தெரிவிக்கிறது.

இல்லத்திலிருந்து நிறுவனத்திற்கு

நான்காம் நூற்றாண்டில் அரசின் ஆதரவு கிடைத்ததும் இவ்வறப்பணி கட்டட வடிவம் பெற்றது. கப்பதோக்கியாவின் செசரியாவில் 368–369 அளவில் நேர்ந்த பஞ்சத்தின்போது உணவளித்த பசிலியார், பின்னர் நகருக்கு வெளியே வழிப்பயணிகளுக்கும் நோயாளருக்கும் பெரும் இல்லம் அமைத்தார். மருத்துவரும் பணியாளரும் அங்கே இருந்தனர். கிறித்தவத்தை எதிர்த்த பேரரசர் ஜூலியனும் (361–363) நகர்தோறும் அயலார் இல்லம் நிறுவுமாறு கலாத்தியாவின் தலைமைக் குருவுக்கு எழுதியதாகக் கடிதம் ஒன்று உள்ளது. அதன் உண்மைத்தன்மை குறித்து அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு.

இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தைக் கி.பி. 400 அளவில் கான்ஸ்டாண்டிநோபிளில் மறையுரையாற்றிய யோவான் கிறிசோஸ்தோம் சுட்டினார். சபையின் பொது இல்லம் இருப்பதால் தம் கடமை தீர்ந்தது எனச் செல்வர் எண்ணுவதை அவர் ஏற்கவில்லை. பிறர் இறைவேண்டல் செய்வதால் நம் கடமை தீராதது போன்றதே இதுவும் என்பது அவர் வாதம். தேருக்கும் பல்லக்குக்கும் இடம் ஒதுக்குவோர், அயலாருக்கென வீட்டிலேயே ஓர் அறையும் கட்டிலும் மேசையும் விளக்கும் வைக்க வேண்டும் என்றார்.

முடிவுரை

கடிதம், நாள் வரம்பு, உழைப்பு ஆகிய வரையறைகள் விருந்தோம்பலைச் சுருக்கவில்லை. எளியோர் இல்லங்களிலும் அது தொடர வழிசெய்தன. எனினும் அவ்வரையறைகளே மறுப்புக்கும் இடமளித்தன. கடிதமற்றவர் கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. நிறுவனம் மிகப் பலரைத் தாங்கியது. அதே வேளையில் விருந்தினரை நேரில் காணும் பொறுப்பிலிருந்து இல்லத்தாரை விடுவித்தது. எண்ணிக்கையில் பெற்ற வளர்ச்சியை மட்டும் கொண்டு தொடக்கக் கிறித்தவ ஈகையை மதிப்பிடும் ஆய்வுகள், கிறிசோஸ்தோம் எழுப்பிய வினாவையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.