லாரியின் பதிவும் கம்பெனியின் பதிவும்

உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறும் நாம், பாத்திரம் பண்டங்களையும் புத்தகப் பெட்டிகளையும் முன்பின் அறியாத ஒரு லாரிக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறோம். கையில் எஞ்சுவது ஒரு ரசீது. அதன் பின்னால் நிற்கும் சட்டத்தின் வரலாறு சற்று விசித்திரமானது.

மோட்டார் வருவதற்கு முன்பே, 1865இல், சரக்கு ஏற்றிச் செல்வோருக்கென ஒரு சட்டம் பிறந்தது. முத்து, பட்டு, சால்வை முதலியன 100 ரூபாய்க்கு மேற்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதித்த அச்சட்டம், ஏற்றிச் செல்பவர் யார் என்பதற்கு ஒரு பதிவேடும் கேட்கவில்லை. 1914ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டியைப் பதியச் சொன்னது. 1939ஆம் ஆண்டுச் சட்டமோ, தகுதிச் சான்று இல்லாத லாரியின் பதிவே செல்லாது என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரசீது தரும் கம்பெனிக்குச் சொந்த லாரி ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். பிறர் வண்டியை வாடகைக்கு அமர்த்தியே தொழில் நடத்தலாம். வண்டிக்கு இருந்த கட்டுப்பாடு, பெட்டியைப் பெற்றுக்கொண்டவருக்கு இல்லை!

இக்குறையை 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் நீக்கிற்று. 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இச்சட்டப்படி, பதிவுச் சான்று பெறாமல் இத்தொழிலை நடத்தலாகாது. சான்று 10 ஆண்டுகள் செல்லும்.

எனவே முன்பணம் கொடுக்குமுன் கம்பெனியின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வோம். லாரியின் எண்ணை மத்திய அரசின் 'பரிவாகன்' தளத்தில் இட்டால், தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் எந்நாள்வரை என்பது தெரியும். குறித்த நாளில் வேறொரு லாரி வாசலில் வந்து நின்றால், பெட்டியை ஏற்றுமுன் அதன் எண்ணையும் பார்த்துவிட வேண்டும்.