நாலு சென்ட் தோட்டா

2012 டிசம்பருக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு .22 தோட்டாவின் விலை ஏறக்குறைய நாலு சென்ட். ஐந்நூறு தோட்டாக்கள் அடங்கிய பெட்டியை அங்கே ‘செங்கல்’ என்பார்கள். இருபது டாலர் கொடுத்தால் ஒரு செங்கல். வால்மார்ட்டில் மீன்தூண்டிலுக்கும் கேம்பிங் அடுப்புக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதை யாரும் திருடக்கூட நினைக்காத பொருள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். 2013 பிப்ரவரியில் அந்த அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கடைகளில் காலியானது .22 மட்டுமல்ல. முதலில் போனவை ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளும் அவற்றுக்கான .223 தோட்டாக்களும். பிறகு கைத்துப்பாக்கிக்கான 9 எம்எம். ஆனால் அவையெல்லாம் ஒன்றரை வருடத்துக்குள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. இருப்பதிலேயே சின்னதும் மலிவானதும் தகர டப்பாவைச் சுட மட்டுமே லாயக்கு என்று பலரும் சொல்வதுமான .22, 2016 வரை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இந்தத் தலைகீழ் கணக்கு என்னை ரொம்ப நாள் உறுத்தியது. மலிவான பொருள் ஏன் கடைசியில் வருகிறது?

நான் டல்லாஸ் பக்கம் எச்1பி விசாவில் வேலைக்குப் போன புதிது. அந்த விசாவில் இருப்பவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆக, ஒரு முயலைக்கூடச் சுடும் உத்தேசமில்லாத நான், டெக்சாஸ் அரசின் வேட்டைப் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கினேன். இதற்கெல்லாம் காரணம் அலுவலகத்தில் இருந்த ஈரோட்டு அண்ணன் ஒருவர். இருபது வருடமாக அங்கே இருப்பவர், குடியுரிமை வாங்கியவர். சனிக்கிழமை காலையில் ஐம்பது கெஜம் தள்ளி ஒரு காகிதத்தை வைத்துச் சுடுவது அவருக்குத் தியானம் மாதிரி. “மூச்சை விட்டுட்டு அப்புறம் தொடுங்க தம்பி, இழுக்கக் கூடாது” என்பார். எனக்குத் தெரிந்த வரையில் அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

அந்தத் தோட்டாவின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் ஒரு வரவேற்பறைக்குள் போய் நிற்கிறோம். 1845இல் பாரிஸைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபேர், கேப்பின் வாயில் ஒரு சின்ன ஈயக் குண்டைச் செருகி, வீட்டு வரவேற்பறையிலேயே சுடக்கூடிய துப்பாக்கியைச் செய்தார். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பின் சுட்டு விளையாடுவதற்கு. அதிலிருந்து 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .22 ஷார்ட் என்ற தோட்டாவைச் செய்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனியின் .22 லாங் ரைஃபிள் வந்தது. இன்றும் விற்பது அதுதான். மொத்த நீளம் ஓர் அங்குலம். குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம்.

இதன் குணம் முழுவதும் அதன் விளிம்பில் இருக்கிறது. நாம் சின்ன வயதில் தீபாவளித் துப்பாக்கியில் போட்டு வெடித்த சுருள் கேப் ஞாபகமிருக்கிறதா? அந்தப் பொட்டு மருந்து மாதிரியான ஒன்றுதான் எந்தத் தோட்டாவையும் பற்றவைக்கிறது. பெரிய தோட்டாக்களில் அது பிரைமர் என்ற தனிக் குமிழாக அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். சுட்ட பிறகு அதைக் கழற்றிப் புதிதாக ஒன்று பொருத்தலாம். .22இல் அப்படித் தனிப்பொருள் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு ஒரு மடிப்பு. ஈரமான மருந்தைக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றினால், அது அந்த மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது, மருந்து வெடிக்கிறது. நசுங்கிய விளிம்பை மறுபடி நிமிர்த்தி உபயோகிக்க முடியாது. தனிப் பிரைமர் வேண்டாம், கூடு மெல்லிசாக இருந்தால் போதும் என்பதால்தான் இது மலிவு. ஒருமுறைக்கு மேல் உதவாது என்பதற்கும் அதே காரணம்தான்.

பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி வந்து, கார் ஷெட்டில் ஒரு அழுத்துகருவி வைத்து, தாங்களே மறுபடி தோட்டா செய்துகொள்வார்கள். பஞ்சம் வந்தால் அவர்களிடம் கொஞ்சம் கையிருப்பு, கொஞ்சம் கைவேலை, கொஞ்சம் பண்டமாற்று என்று ஏதோ ஓடும். .22காரனுக்கு அந்த வழி அடைபட்டது. விளிம்புக்குள் மறுபடி மருந்து ஏற்றிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். விரலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள். ஆகவே இந்தத் தோட்டா வேண்டுமென்றால் தொழிற்சாலை ஒன்றுதான் கதி. அப்படிப்பட்ட தொழிற்சாலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஐடஹோவின் லூயிஸ்டனில் சிசிஐ, மினசோட்டாவின் அனோக்காவில் ஃபெடரல், ஆர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன், மிசிசிப்பியில் வின்செஸ்டர். வெளியிலிருந்து மெக்சிகோவின் அகிலா, பர்மிங்ஹாமின் ஈலி மாதிரி சில.

இன்னொரு விஷயம். .22 எப்போதுமே சிக்கனத்துக்காக இருந்த தோட்டா. போயர் போரில் (1899–1902) தங்கள் சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லை என்று பிரிட்டனுக்கு உறைத்தது. 1901இல் மினியேச்சர் ரைஃபிள் கிளப்புகளின் சங்கம் உருவானது. ராபர்ட்ஸ் பிரபு அதற்காக ஊர் ஊராகப் பேசினார். குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் தேவாலயக் கூடத்திலும் கிடங்கிலும் காசு அதிகம் செலவழிக்காமல் பழக .22தான் கைகொடுத்தது. அமெரிக்க ராணுவமும் தன் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளின் .22 வடிவத்தைப் பயிற்சிக்கென்றே வைத்திருந்தது. பெரிய தோட்டாவைச் செலவழிக்க வசதியில்லாத இடத்திலெல்லாம் இது பதிலியாகப் போய் நின்றது.

பதிலிக்கே பஞ்சம் வந்ததுதான் 2013இன் கதை. அதற்கான விதை முன்பே விழுந்துவிட்டது. 2008இல் ஒபாமா ஜெயித்ததும் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்ற பயத்தில் ஒரு வாங்கல் அலை எழுந்தது. பெரிய தோட்டா விலை ஏறியதும் பலர் .22 பக்கம் தாவினார்கள். ஏஆர்-15 போலவே தோற்றமளிக்கும் .22 துப்பாக்கியை 2009இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது. பழைய ஒற்றைத்தோட்டா ரைஃபிளில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது சுட்டால் அதிகம். இதில் ஐந்நூறு தோட்டா ஒரு மத்தியானத்தில் காணாமல் போகும்.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சேண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஆசிரியர், பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் மட்டும் துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. துக்கம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் கடைகளில் வரிசை நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. வாஷிங்டனில் விவாதிக்கப்பட்டவை ராணுவ பாணித் துப்பாக்கிகள், பெரிய மேகசின்கள், பின்னணிச் சோதனை. .22 தோட்டாவைத் தடைசெய்யும் பேச்சே அங்கு எழவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தத்துக்கு செனட்டில் 54 ஓட்டு கிடைத்தது, வேண்டியிருந்தது 60. அதுவும் தோற்றது. வராத சட்டத்துக்குப் பயந்து, அந்தச் சட்டம் தொடாத தோட்டாவை மக்கள் வாங்கிக் குவித்தார்கள்.

.22காரர்கள் பொதுவாகத் தங்களைத் தனி ஜாதியாக நினைத்துக்கொள்வார்கள். நாங்க விளையாட்டுக்காரங்க, அவங்க வேற. எனக்கும் அந்த நினைப்பு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் விசாரணை அறிக்கை சொல்கிறது: அன்று காலை, பள்ளிக்குப் போவதற்கு முன், கொலையாளி தன் தாயை வீட்டில் கொன்றது ஒரு .22 ரைஃபிளால். 1968இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றதும், 1981இல் ரீகனைக் காயப்படுத்தியதும் .22 கைத்துப்பாக்கிகள்தான். தகர டப்பாத் தோட்டா என்பது நாம் வைத்த பெயர். அந்தப் பெயர் தோட்டாவுக்குத் தெரியாது.

பஞ்சத்துக்கு ஒரு வதந்தியும் துணை நின்றது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் வாங்கி மக்களுக்கு இல்லாமல் செய்கிறது என்றார்கள். 2014இல் வந்த அரசுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையோ, அத்துறையின் கொள்முதல் 2009க்குப் பிறகு குறைந்தே வந்திருக்கிறது என்று காட்டியது. ஆனால் காலி அலமாரியைப் பார்த்தவனிடம் அறிக்கை எடுபடாது.

எங்கள் தொழிலில் ரீட்ரை ஸ்டார்ம் என்று ஒன்று உண்டு. சர்வர் ஒரு நொடி திணறும். பதில் வராத ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கோளாறு சரியாகி எழுந்து நிற்கும் சர்வரை அந்தத் திரும்பக் கேட்டல்களே மறுபடி சாய்க்கும். .22க்கு நடந்தது இதுதான். அண்ணன் முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு செங்கல் வாங்குவார். இப்போது லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது என்று கடைப்பையனிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, காலை ஆறரைக்கு வால்மார்ட் வாசலில் நின்றார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று வால்மார்ட் ரேஷன் வைத்திருந்தது. ரேஷன் வைத்ததும், மூன்று தேவைப்படாதவரும் மூன்று வாங்கினார். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரிசையின் முன்னால் நின்ற சிலர் இருபது டாலர் செங்கலை வார இறுதித் துப்பாக்கிச் சந்தையில் அறுபது, எழுபதுக்கு விற்றார்கள். சினிமா டிக்கெட் பிளாக்கில் விற்பவரின் அதே முகபாவம்.

மலிவு இங்கேதான் எதிரியாகிறது. ஆயிரம் .223 தோட்டாவைப் பதுக்க நானூறு, ஐந்நூறு டாலர் முடங்கும், மனைவி கேட்பார். ஆயிரம் .22 ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். பஞ்ச விலையிலும் நூறு, நூற்றைம்பது டாலர்தான். ஒரு கோடிப் பேர் ஆளுக்கு ஆயிரம் கூடுதலாக எடுத்து வைக்க நினைத்தால் அது ஆயிரம் கோடித் தோட்டா. அந்தத் தொழில் முழுவதும் சேர்ந்து வருடத்துக்குச் செய்வதே சில நூறு கோடிதான். தொழிற்சாலைகள் இராப்பகலாக ஓடின. அப்படியானால் புது இயந்திரம் போடலாமே? லாபம் குறைந்த சரக்கு, விலை உயர்ந்த இயந்திரம். ஈரமருந்தைக் கையாளப் பழகிய ஆட்கள் வேண்டும். அது காய்ந்துவிட்டால் லேசான உராய்வே போதும், சிவகாசிப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பயம் தணிந்தால் அந்த இயந்திரம் சும்மா கிடக்கும் என்று முதலாளிகள் தயங்கினார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டித் தீர்த்தவர்கள் நிறைய. என் பார்வையில் அவர்கள் கணக்கு சரி. 2016இல் டிரம்ப் ஜெயித்ததும் பயமும் விற்பனையும் சரிந்தன. 2018 மார்ச்சில் ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது.

இதற்கு நடுவே மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய ஏர் ரைஃபிள்கள் பரணிலிருந்து இறங்கின. .177 ஈயக் குருணை தாராளமாகக் கிடைத்தது. மெதுவாகப் போகும் குருணை குழலை விட்டு வெளியேறும் வரை கையை அசைக்காமல் வைத்திருக்கப் பழகியவர்களின் குறி, திரும்பி .22க்கு வந்தபோது தேறியிருந்தது. சிலர் தோட்டாவே இல்லாமல் விசையை மட்டும் தட்டிப் பழகினார்கள். ஆனால் பல .22 துப்பாக்கிகளில் காலியாகத் தட்டினால் ஊசி நேராகக் குழலின் விளிம்பில் மோதி இரண்டையும் கெடுக்கும். அதற்கு யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த வழி: சுவரில் ஸ்க்ரூ அடிக்கும்போது செருகுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக். அளவு கச்சிதமாக .22 அறைக்குள் உட்காரும். நூறு பிளக் சில டாலர்கள். அந்த வருடம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் பிளக் இருந்தது.

பயிற்சித்தளத்தில் சத்தமும் மாறியது. முன்பு படபடவென்று பத்துப் பத்தாகக் கொட்டும். இப்போது ஒரு வெடி, நீண்ட இடைவெளி, இன்னொரு வெடி. அண்ணன் ஒரு நாளைக்கு இருபது என்று வைத்துக்கொண்டார். மரக்கட்டையில் இருபது துளை போட்டு, அதில் தோட்டாக்களை நிறுத்தி எடுத்து வருவார். ஒவ்வொன்றும் எங்கே போகும் என்பதைச் சுடுவதற்கு முன்பே நோட்டில் எழுதுவார், பிறகு போய்ப் பார்ப்பார். “காசு கெடக்குது தம்பி. இது தீந்துட்டா அடுத்தது எப்பன்னு தெரியாதில்ல, அதான் கை தானா நிதானிக்குது.” பஞ்சத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே சமயம் சிறுவர் முகாம்களில் தோட்டா இல்லாமல் வகுப்பைச் சுருக்கினார்கள். குவித்து வைத்தவர் அலமாரியில் அது தூங்கியது.

அண்ணனின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை அவர் ஆறரைக்கு வரிசையில் நின்று பெட்டிகளை வாங்கிக் கார் டிக்கியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். அந்த வருடம் பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை கூடியிருந்தது: விளக்கை அணை, கதவைப் பூட்டு, மூலையில் சத்தமில்லாமல் உட்கார். அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு நடித்துக் காட்டினாள். அண்ணன் சிரித்தார். பிறகு அந்த மஞ்சள் பிளக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

2018 வாக்கில் விலை மறுபடி நாலு, ஐந்து சென்ட்டுக்கு இறங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது, அலமாரிகள் மறுபடி காலியாயின. ரெமிங்டன் இரண்டாம் முறை திவாலாகி, அதன் லோனோக் ஆலை கைமாறியது. நான் அதற்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டேன். போனில் அண்ணனிடம் கேட்டேன், இந்தத் தடவையும் வரிசையில் நிற்கிறீர்களா என்று. நிற்கவில்லை என்றார். பழைய பெட்டிகளே பதினொன்று இருக்கின்றனவாம், 2014இல் வாங்கிய விலைச்சீட்டோடு. மகளுக்கு ஓட்டுநர் பயிற்சி ஆரம்பித்துவிட்டதாகவும், துப்பாக்கி பக்கமே அவள் வருவதில்லை என்றும் சொன்னார். அவர் இன்னமும் இருபதுதான் சுடுகிறார்.