மலைநாட்டில் சாரதிப் பயிற்சி: எந்தப் பருவத்தில் எதைப் பழக வேண்டும்?

வன்னியின் சமதரை வீதியில் ‘ட்ரயல்’ சித்தியடைந்தவர், அதே அனுமதிப்பத்திரத்துடன் ஹற்றன் மலைப்பாதையிலும் வாகனம் ஓட்டலாம். சட்டத்தில் தடையில்லை. ஆனால் மலை வேறு பாடம் கேட்கும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20இற்கும் மேற்பட்டோர் பலியாகினர்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, ஹற்றன் பகுதிகள் நனைந்தே கிடக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் மண்சரிவும் வரும். ஜனவரி விடியலில் நுவரெலியாவில் உறைபனி படியும். ஏப்ரலில் வசந்தகால நெரிசல்.

பயிற்றுநரிடம் கேட்டுப் பழக வேண்டியவை:

• இறக்கத்தில் குறைந்த கியர். பிரேக்கை விடாமல் அழுத்தினால் அது சூடேறி, பிடிமானம் குறையும்.
• ஏற்றத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்துப் பின்னால் உருளாமல் கிளம்புதல்.
• பனிமூட்டத்தில் முகப்பு விளக்கின் தாழ் ஒளி. உயர் ஒளி மூட்டத்தில் பட்டுக் கண்ணையே கூசும்.
• குறுகிய பாதையில் ஏறிவரும் வாகனத்துக்கு இடம்விடுதல்.
• மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தையே தள்ளிவைத்தல்.

தோட்டத்து இளைஞருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கொழுந்துக் கூடைக்கு வெளியே ஒரு தொழில். வெயில் நாளில் மட்டும் பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டாம். முதல் மழையைப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே சந்தித்துவிடுங்கள்.