மனாராவின் வாயில்

கலங்கரை விளக்கத்துக்கும் பள்ளிவாசலின் உயர்கோபுரத்துக்கும் அரபியில் 'மனாரா' என்ற ஒரே சொல் வழங்குகிறது. 'நூர்' என்னும் ஒளி பிறந்த வேரிலேயே இதுவும் பிறந்தது. ஒளி எல்லார்க்கும் பொது. வாயிலோ அவ்வாறு இருந்ததில்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் விளக்குமாடத்திலும் ஏணி வைத்தே ஏற வேண்டும்.

பிற்காலத்தில் மதுரை வரை வந்த இப்னு பதூதா, ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) இஸ்கந்தரிய்யாவின் மனாராவைக் கண்டார். வாயில் தரைக்கு மேலே உயரத்தில் இருந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து பலகைகளை இட்டே நுழைய வேண்டும். பலகைகளை அகற்றினால் வழியில்லை. ஒவ்வொரு பக்கமும் 140 சாண் என்றும் அவர் எழுதி வைத்தார். ஹிஜ்ரி 750இல் மீண்டும் சென்றபோது, அது இடிந்து, வாயிலை எட்டவும் இயலாதிருந்தது.

நம் நாட்டிலும் சென்னைக் கலங்கரை விளக்கம் பாதுகாப்புக் கருதிப் பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்து, 2013இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. காவல் வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடலூர்க் கலங்கரை விளக்கத்தைக் காணச் சிதம்பரத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பிள்ளைகளோடு புறப்படுவோர்க்கு, எந்நாள், எந்நேரம் ஏறலாம், அல்லது ஏறலாகாது என்பது முன்னரே தெளிவாகத் தெரிய வேண்டும்.

இஸ்கந்தரிய்யாவின் மனாரா இன்றில்லை. அன்று ஒரு பயணிக்கு வாயில் திறந்திருந்தமையால் அதன் அளவு நம்மிடம் உள்ளது.