கரைக்கு வந்த வெள்ளை மணிகள்



2021 மே 20. கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. நைத்திரிக் அமிலம் ஒழுகிய கொள்கலனை இறக்க அதற்கு முன்பே கட்டாரின் ஹமத், இந்தியாவின் ஹசிரா துறைமுகங்களில் இடம் கிடைக்கவில்லை. கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். ஜூனில் அது மூழ்கியது. நீர்கொழும்புக் கரை வெள்ளையாகியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது.

கப்பல்காரனிடம் கணக்குக் கேட்பது நியாயம். நாம் வடிகானில் போடும் சொப்பிங் பேக்கும் மழைத்தண்ணியோடு அதே கடலுக்குத்தான் போகிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமான் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். நம் கணக்கை யார் கேட்பான் என்பது நமக்குத் தெரியும்.