அயோவின் கிரகணங்கள்

வாயுக்கோள்களுள் மிகப் பெரியதாகிய வியாழனை முதல் விண்கலம் 1973இல் நெருங்குவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அக்கோளின் நிலவுகள் பூமியில் இடங்களை அளக்கப் பயன்பட்டு வந்தன. 1610 ஜனவரியில் பதுவா நகரில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளுள் உள்வட்டத்தில் சுற்றும் அயோ, சுமார் 42½ மணிக்கு ஒருமுறை வியாழனின் நிழலில் புகுந்து மறைகிறது. இக்கிரகணம் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் தெரிவதால், இரண்டு ஊரார் தத்தம் உள்ளூர் நேரங்களை ஒப்பிட்டு, ஒரு மணிக்கு 15 பாகை என்னும் கணக்கில் தீர்க்கரேகை வேறுபாட்டை, அதாவது அவ்வூர்கள் கிழக்கு மேற்காக விலகியிருக்கும் கோணத்தை, அறிந்துகொள்ளலாம். ஆடும் கப்பலில் தொலைநோக்கியை நிலையாகப் பிடிக்க இயலாததால் கடலில் இம்முறை பலிக்கவில்லை. தரையிலோ, வானியலாளர் காசினி 1668இல் வெளியிட்ட கிரகண அட்டவணைகளின் துணையால், பிரான்சின் மேற்குக் கரை பழைய வரைபடங்கள் காட்டியதைவிடக் கிழக்கே இருப்பது தெளிவாகி, அந்நாட்டின் பரப்பே வரைபடத்தில் சுருங்கியது.

இதனினும் பெரிய பயன், அட்டவணை பொய்த்த இடத்தில் விளைந்தது. பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் கிரகணங்கள் தாமதிப்பதையும் நெருங்கும் மாதங்களில் முந்துவதையும் பாரிஸ் வான்காணகத்தில் கவனித்த டென்மார்க்கு அறிஞர் ரோமர், 1676 நவம்பர் 9 அன்று அயோ நிழலிலிருந்து வெளிப்படுவது பத்து நிமிடம் பிந்தும் என்று முன்கூட்டியே அறிவித்தார். ஒளி கணப்பொழுதில் பரவுவதில்லை, கூடுதல் தொலைவைக் கடக்க அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதே அவர் கண்ட காரணம். பூமியின் சுற்றுப்பாதையை ஒளி குறுக்கே கடக்க 22 நிமிடம் ஆகும் என்ற அவரது மதிப்பீடு, இன்றைய அளவான 16⅔ நிமிடத்தைவிட மிகுதியே. ஆயினும் சில நிமிட வேறுபாட்டைக் கருவியின் குறை என்று ஒதுக்கிவிடாத அந்த நேர்மையை வானியல் வரலாற்றின் உயர்ந்த செயல்களுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும். காசினியோ அவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்து சென்றபோதும் அயோ இடமறியவும் படம்பிடிக்கப்பட்டது. மங்கிய விண்மீன்களின் பின்னணியில் அயோவின் இருப்பைக் கொண்டு கலத்தின் பாதையைக் கணிப்பதற்காக எடுத்த படத்தைப் பொலிவாக்கிப் பார்த்த பொறியாளர் லிண்டா மொராபிட்டோ, நிலவின் விளிம்பில் எழுந்து நின்ற குடை வடிவ மேகத்தைக் கண்டார். பூமிக்கு அப்பால் முதன்முதலாகக் காணப்பட்ட எரிமலைச் சீற்றம் அது. அயோவின் உட்பகுதி உருகியிருக்க வேண்டும் என்று பீல் என்பவரும் அவருடைய இரு துணையாசிரியர்களும் சில நாட்களுக்கு முன்புதான் எழுதியிருந்தனர். கலிலியோ கண்ட மற்ற நிலவுகளுள் கனிமீடு ஒருமுறை சுற்றும் காலத்தில் யூரோப்பா இருமுறையும் அயோ நான்குமுறையும் சுற்றுகின்றன என்பதும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லாப்லாஸ் விளக்கிய இப்பிணைப்பு அயோவின் பாதையை முழுவட்டமாக விடாமல் சற்று நீள்வட்டமாகவே வைத்திருப்பதால், வியாழனின் ஈர்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதனைக் கசக்கிச் சூடேற்றுகிறது என்பதும் அவர்கள் காட்டிய காரணம்.