என்ஜிசி 1277

பெர்சியஸ் பேரடைக் கொத்தின் மையப் பகுதியில், பேரொளி வீசும் என்ஜிசி 1275-க்கு அருகே உள்ள லென்ஸ் வடிவப் பேரடை. தொலைவு ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுகள். இவ்வகைப் பேரடைகளுக்குச் சுருள் பேரடைகளைப் போலத் தட்டு உண்டு, கைகள் இல்லை. புதிய விண்மீன்கள் பிறக்கத் தேவையான வாயுவும் அவற்றில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

1875 டிசம்பர் 4 அன்று அயர்லாந்தின் நான்காம் ராஸ் பிரபு லாரன்ஸ் பார்சன்ஸ் இதைக் கண்டறிந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த டிரையர் 1888-இல் வெளியிட்ட பட்டியலில் இதற்கு 1277 என்ற எண் கிடைத்தது. அதன் பிறகு நெடுங்காலம் இதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2012-இல் நிலைமை மாறியது. ரெம்கோ வான் டென் பாஷ் குழுவினர், டெக்சஸில் உள்ள ஹாபி-எபர்லி தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு, இதன் மையக் கருந்துளை 1,700 கோடி சூரிய நிறை கொண்டது என்று 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். பேரடையின் மையப் புடைப்பு நிறையில் பாதிக்கும் மேல் கருந்துளைக்கே போய்விடுகிறது என்பதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. வழக்கமான பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கருந்துளைக்கு வெகு அருகே விண்மீன்கள் சுழலும் வேகத்தைப் பிரித்தறியும் கூர்மை அந்தத் தரவுகளுக்கு இல்லை. காற்று மண்டலத்தின் கலங்கலை நீக்கி ஹவாயிலிருந்து எடுத்த நோக்கல்கள் 2016-இல் அந்த நிறையை 490 கோடியாகக் குறைத்தன; அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு 120 கோடி என்றது.

எண் சுருங்கினாலும் பேரடையின் மதிப்பு குறையவில்லை. உண்மையில் இதன் பெருமை கருந்துளையில் இல்லை, வயதில் இருக்கிறது. பெரும் பேரடைகள் முதலில் வேகமாக விண்மீன்களை உருவாக்கும். பிறகு சிறு பேரடைகளை விழுங்கிப் பருக்கும். என்ஜிசி 1277 முதல் கட்டத்தோடு நின்றுவிட்டது. அண்டம் இளமையாக இருந்த காலத்தில், பால்வழியைப் போல ஆயிரம் மடங்கு வேகத்தில் விண்மீன்களைப் பெற்றது. பின் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளாக ஓய்ந்தே இருக்கிறது. பால்வழியின் இரு மடங்கு விண்மீன்கள் அதன் கால்பங்கு அளவுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. கொத்துக்குள் பேரடைகள் ஒன்றையொன்று மிக வேகமாகக் கடந்து போவதால் இணைவதற்கு நேரம் வாய்ப்பதில்லை. இது தனித்துத் தேங்கியதற்கு அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.

இது பிற பேரடைகளை விழுங்கவில்லை என்பதற்கு வலுவான சான்று 2018-இல் ஹபிள் தொலைநோக்கி மூலம் கிடைத்தது. கோளக் கொத்துகள் எனப்படும் கோள வடிவ விண்மீன் திரள்களில், பேரடையோடு சேர்ந்து பிறப்பவை சிவந்தவை; விழுங்கப்பட்ட சிறு பேரடைகளிலிருந்து வருபவை நீலச்சாயல் கொண்டவை. மைக்கேல் பீஸ்லி, இக்னாசியோ துருகியோ குழுவினர் தேடியபோது நீலக் கொத்துகள் இங்கே அநேகமாக இல்லவே இல்லை. தொடக்க நிலையிலேயே நின்றுவிட்ட பேரடையைக் குறிக்கும் தொல்பேரடை என்ற பெயர் இதற்கு முற்றிலும் பொருந்துகிறது.

2023-இல் இன்னொரு புதிர் சேர்ந்தது. மையத்திலிருந்து சுமார் 20,000 ஒளியாண்டு ஆரத்துக்குள் இருண்ட பொருளின் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று செபாஸ்டியன் கோமெரோன் குழு கண்டது. இவ்வளவு நிறையுள்ள பேரடையில் குறைந்தது 10 விழுக்காடாவது இருக்க வேண்டும். கொத்தின் ஈர்ப்பு அதை உரித்தெடுத்திருக்கலாம், அல்லது பேரடை உருவானபோதே அது வெளியே தள்ளப்பட்டிருக்கலாம் என இரு விளக்கங்களை அவர்கள் முன்வைத்துள்ளனர்.